தீராத வயிற்றுநோவும் தெளிந்த அறிவும்

மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, தண்ணீருக்குள்ளேயே வேரூன்றி வளர்ந்திருக்கும் நீர்க்கடம்ப மரங்களைச் சற்றுப் பொறுமையோடு நோக்குகிறவர்கள், கூட்டின் விளிம்பில் வந்து அமரும் நீர்க்காகத்தின் தொண்டைக்குள் அதன் குஞ்சு தன் தலை முழுவதையும் நுழைத்து, தாய் விழுங்கிக் கொணர்ந்த மீனை உள்ளிருந்தே பறித்து உண்ணும் காட்சியைக் காணலாம். முள்ளும் செதிலுமாக முழுதும் விழுங்கப்பட்ட மீன் அப்பறவைகளின் இரைப்பையில் சுரக்கும் கடும் அமிலத்தில் சில மணி நேரத்திற்குள் கரைந்துவிடுகிறது. கரையாமல் எஞ்சிய எலும்பையும் செதிலையும் நீர்க்காகம் சிறு உருண்டையாக வாய்வழியே கக்கிவிடுகிறது. மற்றக் கழிவு எச்சமாக ஏரியில் விழுந்து, மதகு வழியாக வயலுக்குப் பாய்ந்து, நெற்பயிருக்கு உரமாகிறது. இந்த உண்மையைத் தம் விளைச்சலிலேயே கண்டறிந்த வேடந்தாங்கல் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்பறவைகளைக் காத்து வந்ததோடு, 1798ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பாரிடமிருந்து அவற்றைச் சுடலாகாது என்ற உத்தரவையும் பெற்றார்கள். ஆகவே, ஜீரணம் என்னும் காரியம் ஓர் உடம்புக்குள் தொடங்கி ஓர் ஊரின் சோற்றில் முடிவடையக்கூடிய பெருங்காரியம் என்பதை உணர்வதற்கு இந்த ஏரியைவிட ஏற்ற இடம் நம் நாட்டில் அரிது.

அத்தகைய அமிலமே நம் இரைப்பையிலும் சுரக்கிறது. பறவைகளின் கூடுகளுக்குக் கீழே பாயும் நீரால் விளைந்த அரிசியை உண்டு வாழும் அதே கிராமங்களில், விடியற்காலையில் நெஞ்செரிச்சலோடு எழுந்திருப்பவர்களும், புளியேப்பத்தோடு வயலுக்குப் போகிறவர்களும், வயிற்றுப் பொருமலுக்கு அஞ்சி விருந்தில் இலை முன் உட்காரத் தயங்குகிறவர்களும் வீட்டுக்கு ஒருவரேனும் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தவரைக் கட்டிலில் கிடத்தி உபசரிக்கிற குடும்பம், ஆண்டுக்கணக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறவரை நோயாளியென்றே கருதுவதில்லை. 'கண்டதைத் தின்றதன் பலன்' என்று ஒருவர் சொல்வார். 'எல்லாம் மனக்கவலைதான்' என்று மற்றொருவர் சொல்வார். இவ்விரண்டு தீர்ப்புகளும் நோயாளியையே குற்றவாளியாக்குகின்றன என்பதையும், நோய்க்கு உரிய காரணத்தைத் தேடும் முயற்சியை இவையே தடுத்து நிறுத்துகின்றன என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரைப்பை நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் ஜீரண நீரைச் சுரக்கிறது. அந்நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதை 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து மருத்துவர் வில்லியம் பிரௌட் நிரூபித்தார். இறைச்சியையும் பருப்பையும் கரைக்க வல்ல அந்த அமிலம் இரைப்பையின் சதையையே ஏன் கரைத்துவிடுவதில்லை என்று கேட்டால், அதன் உட்சுவரை மூடியிருக்கும் வழுவழுப்பான சளிப்படலத்தையும், அப்படலத்திற்கு அடியில் அமிலத்தை முறிக்கும்படி இடையறாது ஊறும் காரநீரையும், சில நாட்களுக்கு ஒருமுறை பழையன கழிந்து புதியன தோன்றும் உயிரணுக்களின் வரிசையையும் விடையாகச் சொல்ல வேண்டும். அமிலம் மிகுவதால் நேரும் கேட்டைவிட இந்தக் காப்பு தளர்வதால் நேரும் கேடே பெரும்பாலும் புண்ணுக்குக் காரணமாகிறது. மனத்தின் நிலையும் இரைப்பையைத் தொடுகிறது என்பது உண்மை. 1822ஆம் ஆண்டில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து வயிற்றில் ஆறாத துவாரத்தோடு உயிர் பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலியாளின் இரைப்பைக்குள்ளேயே நேரில் பார்த்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், அவன் கோபங்கொண்ட வேளையில் உட்சுவரின் நிறமும் சுரப்பும் மாறியதைக் குறித்து, தம் ஆராய்ச்சியை 1833இல் நூலாக வெளியிட்டார். ஆனால் கோபம் இரைப்பையை மாற்றுகிறது என்பதிலிருந்து, வயிற்றுநோவுக்கெல்லாம் கோபமே காரணம் என்ற முடிவுக்குத் தாவியது உலகம் செய்த பிழையாகும்.

வயிற்றுநோவின் தனிமையைத் தமிழர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தவரும், செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தைப் பாடியவருமான திருநாவுக்கரசரைச் சூலைநோய் பற்றி வருத்தியதையும், சமண மடத்தில் இருந்தவர்கள் செய்த பரிகாரமெல்லாம் பயனற்றுப் போனதையும், பின்னர் அவர் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரிடம் சென்று சேர்ந்ததையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. பக்தர்கள் அதனை இறைவன் ஆட்கொண்ட அருளாகப் போற்றுவர். நோயாளியின் கண்கொண்டு பார்க்கிறவர்களுக்கோ, ஞானமும் கல்வியும் நிரம்பிய ஒருவரையும் நிலைகுலையச் செய்யும் வன்மை குடல்நோவுக்கு உண்டு என்பதும், அந்நிலையில் முதலில் வேண்டியது தம்மை ஏற்றுக்கொள்ளும் ஒரு மனிதர் என்பதும் அந்த வரலாற்றில் தெளிவாகப் புலப்படும்.

இந்நோயைச் சாதாரண மக்களின் துன்பமாகக் கருதி முறையாக ஆராய்ந்தவர்களின் கதை நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. 1922ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தின்மேல் ஏறச் சென்ற ஆங்கிலேயர் குழுவில் இருந்த தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை வைத்தியர், அந்த முயற்சி முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தெற்கே வந்தபொழுது, அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததும் இப்பொழுது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனையின் வாசலில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அத்தனை பேரையும் கவனிக்க முடியாமல் ஓய்ந்து போயிருந்த வைத்தியரையும் கண்டு மனம் உருகி, லண்டனில் தமக்குக் காத்திருந்த பதவியைத் துறந்து அங்கேயே பணி செய்ய முடிவு செய்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று, ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரையில் ஏறித் திரும்பிய பிறகும் அவர் நெய்யூருக்கே வந்தார். அங்கே அவர் கத்தியை எடுக்க நேர்ந்த நோய்களுள் முன்னின்றது முன்சிறுகுடற்புண். வற்றி மெலிந்த உழைப்பாளிகள், பசி எடுத்தால் வலி, ஒரு கவளம் உண்டால் சற்று ஆறுதல், நடுநிசியில் மீண்டும் வலி என்று ஒரே கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். புண்ணினால் சுருங்கி அடைபட்ட குடல்வாயைத் தவிர்த்து, இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரே இணைக்கும் சிகிச்சையை அவர் திரும்பத் திரும்பச் செய்தார். தென்னிந்தியாவில் இந்நோய் மிகுந்திருப்பதைக் குறித்து அவரும் அவருடைய துணைவர் ஆர் என்பவரும் 1936இல் எழுதிய கட்டுரை, உலக மருத்துவர்களின் கவனத்தை இப்பகுதியின்பால் திருப்பியது.

ஏன் இங்கே மிகுந்தது என்ற கேள்விக்குக் குன்னூரில் ஆகார ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன் ஒரு விடை தேடினார். இந்தியாவின் வெவ்வேறு பிரதேசத்து மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து நெடுநாள் வளர்த்துப் பார்த்தபோது, கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட பஞ்சாபியர் உணவை உண்ட எலிகள் புண்ணின்றி வாழ்ந்தன. மரவள்ளிக் கிழங்கை மிகுதியாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை உண்டவற்றில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவற்றின் வயிற்றில் புண் கண்டது. சென்னை மாகாணத்து ஏழைகளின் உணவை உண்டவை இடைநிலையில் இருந்தன. பின்னாளில் மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி என்ற அறுவை வைத்தியரும், தீட்டிய அரிசியை நம்பி வாழும் பகுதிகளில் முன்சிறுகுடற்புண் மிகுந்தும், கோதுமை முதலிய தானியங்களை அதிகம் தீட்டாமல் உண்ணும் பகுதிகளில் குறைந்தும் காணப்படுவதை எடுத்துக் காட்டினார். சோற்றுத் தட்டில் பருப்பும் கீரையும் இல்லாமற்போகும் வறுமை வயிற்றின் காப்பைத் தளர்த்துகிறது என்பதே இவ்வாராய்ச்சிகள் சுட்டும் கருத்து.

எனினும் புண்ணின் நேர்க்காரணம் வேறோர் இடத்தில் மறைந்திருந்தது. அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோய்க்கூற்று ஆய்வாளர், 1979ஆம் ஆண்டில், நோயுற்ற இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த கிருமிகள் ஒட்டிக்கொண்டிருப்பதை நுண்ணோக்கியில் கண்டார். பேரி மார்ஷல் என்ற இளம் வைத்தியர் அவரோடு சேர்ந்து அக்கிருமியை வளர்க்க முயன்று பலமுறை தோற்றபின், 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிட அதிக நாட்கள் வைக்கப்பட்டிருந்த தட்டுகளில் அது முளைத்தது. ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்று இன்று வழங்கும் அக்கிருமி, வயிற்றிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு சளிப்படலத்திற்குள் குடியிருக்கிறது. உலகம் நம்ப மறுத்ததால் மார்ஷல் 1984இல் அக்கிருமி வளர்ந்த குழம்பைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. எண்டாஸ்கோப்பியால் பார்த்தபோது இரைப்பையின் உட்சுவர் அழற்சியுற்றிருந்தது. 2005ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கவலைப்படும் சுபாவத்தின் விளைவென்று கோடிக்கணக்கானவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த பழி, இவர்களுடைய கண்டுபிடிப்பால் பெரும்பகுதி நீங்கியது.

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரின் வாய்வழியாகவோ அசுத்தத்தின் வழியாகவோ வந்து சேர்கிறது. இந்தியாவில் வளர்ந்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வயிற்றில் இது உண்டு. ஆயினும் அவர்களுள் சிலருக்கே புண் வருகிறது. வட இந்தியர் வயிற்றிலும் தென்னிந்தியர் வயிற்றிலும் கிருமி இருந்தும் புண்ணின் அளவு வேறுபட்டதைக் காணும்போது, குன்னூர் எலிகளும் பெர்த் கிருமியும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது விளங்கும். கிருமி புண்ணைத் தொடங்கி வைக்கலாம். தாங்கும் சக்தியை அளிப்பது ஆகாரம். புண்ணோடு கிருமியும் இருப்பது பரிசோதனையில் உறுதிப்பட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிக்கொல்லி மருந்துகளையும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாட்கள் உட்கொள்ளச் சொல்வார்கள். நான்காம் நாளில் வலி நின்றுவிட்டதென்று மருந்தை நிறுத்துகிறவர்கள் கிருமியை அழிப்பதற்குப் பதிலாக அதற்கு எதிர்ப்புச் சக்தியைப் பழக்கிக் கொடுக்கிறார்கள். சாமர்வெல்லின் கத்திக்கு வேலையாயிருந்த நோய் இரண்டு வாரத்து மாத்திரையில் தீரக்கூடியதாகிவிட்ட இக்காலத்தில், அந்த இரண்டு வாரத்தை முழுதாகக் கழிக்கும் பொறுமை ஒன்றே நோயாளி கொடுக்க வேண்டிய விலை.

புண்ணுக்கு மற்றொரு காரணம் நம் கண்ணெதிரே இருந்தும் கவனிக்கப்படாமற் போகிறது. செங்கற்பட்டு, மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களில் நடவுக் காலத்தில் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, சமையலை முடித்து, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் காபியோடு கழனிக்குப் போகிறாள். முழங்கால் அளவு சேற்றில் குனிந்தபடியே நாற்று நட்டு, பொழுது உச்சிக்கு ஏறிய பிறகு வரப்பில் உட்கார்ந்து சோறு உண்கிறாள். உண்ட கையோடு மீண்டும் குனிகிறாள். மாலையில் இடுப்பு வலி தாங்காமல் கடையில் உறையின்றித் தனியே தரும் வலி மாத்திரையை வாங்கி, பல நேரங்களில் வெறும் வயிற்றிலேயே, விழுங்குகிறாள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற அம்மாத்திரைகள் வலியை உண்டாக்கும் புராஸ்டகிளான்டின் என்னும் பொருளைத் தடுத்து வேலை செய்கின்றன. ஆஸ்பிரின் இவ்வாறே செயற்படுகிறது என்பதை ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். இரைப்பையின் சளிப்படலத்தையும் காரநீரையும் ஊறச் செய்வதும் அந்தப் புராஸ்டகிளான்டின்களுள் ஒரு வகையே ஆதலால், இடுப்பின் வலி தணியும்போதே வயிற்றின் காப்பும் தணிகிறது. சில வாரங்களில் நெஞ்சுக்குழி எரிகிறது. 'சூடு' என்று கருதி இளநீரும் மோரும் குடிக்கிறாள். இடுப்பு வலி மாத்திரையை மட்டும் விடுவதில்லை. எரிகிற வயிற்றைப் பற்றிச் சொல்ல வந்தவளிடம் அவளுடைய இடுப்பைப் பற்றியும் கேட்கிற வைத்தியரே இந்நோயைப் பிடிக்க வல்லவர்.

அவளுடைய எரிச்சலுக்கு வேறோர் ஊற்றும் இருக்கக்கூடும். உணவுக்குழலும் இரைப்பையும் சந்திக்கும் இடத்தில் உள்ள சதைவளையம், ஏரியின் மதகைப் போல, உணவு இறங்கும்போது மட்டும் திறந்து மற்ற வேளையில் மூடியிருக்க வேண்டியது. அது தளர்ந்தாலும், நிறைந்த வயிற்றோடு குனிவதால் அடியிலிருந்து அழுத்தம் மிகுந்தாலும், அமிலம் மேலே ஏறி, சளிக்காப்பு இல்லாத உணவுக்குழலைச் சுடுகிறது. இரவில் வேலை முடிந்து பத்து மணிக்கு வயிறு நிறைய உண்டு உடனே படுத்துவிடும் பழக்கம் இதற்குப் பெருந்துணை புரிகிறது. உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொள்வது, இடப்புறமாக ஒருக்களித்துப் படுப்பது, வயிற்றை இறுக்கும் உடையைத் தளர்த்துவது ஆகிய எளிய ஏற்பாடுகளே பலருக்கு மாத்திரையின் தேவையைக் குறைத்துவிடுகின்றன.

இனி, எல்லாவற்றிலும் அதிகமான மக்களை வருத்துவதும், எல்லாவற்றிலும் குறைவாக நம்பப்படுவதுமான வகைக்கு வருவோம். எண்டாஸ்கோப்பியில் புண் இல்லை, ரத்தப் பரிசோதனையில் குறை இல்லை, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் உண்டவுடன் உப்புசம், இழுத்துப் பிடிக்கும் வலி, சில நாள் மலச்சிக்கல், சில நாள் அவசரமாக ஓட வேண்டிய நிலை. 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லப்படும் வாக்கியம் இந்த நோயாளியின் செவியில் 'நீர் பொய் சொல்கிறீர்' என்றே விழுகிறது. ஆனால் குடற்சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் தமக்கென ஒரு வலையமைப்பாக இயங்கி, மூளையோடு இடையறாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இத்தகைய நோயாளிகளின் பெருங்குடலுக்குள் சிறு பலூனை வைத்துக் காற்றடைத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில், மற்றவர்கள் உணரவும் உணராத அளவுக் காற்றே அவர்களுள் பலருக்கு வலியை உண்டாக்கியது. ஐ.பி.எஸ். என்று இக்காலத்தில் அழைக்கப்படும் இந்த நிலை, கடுமையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்து போனபிறகு தொடங்குவதும் உண்டு; கிருமி போய்விட்ட பின்னும் நரம்புகளின் கூருணர்வு போகாமல் நிற்கிறது. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் அமிட்ரிப்டிலின் என்ற மருந்தை மிகச் சிறிய அளவில் வைத்தியர்கள் இதற்குக் கொடுப்பது, நோயாளியைப் பித்தர் என்று கருதியதனால் அன்று. குடலிலிருந்து செல்லும் வலிச் செய்தியை அம்மருந்து மெலிவிக்கிறது என்பதனாலேயாகும். புண்ணோடு வரும் வலிக்கும் புண்ணின்றி வரும் வலிக்கும் சிகிச்சை வேறு. ஆனால் இரண்டு வலியும் மெய்.

உணவைப் பற்றிப் பொதுவிதி சொல்லுவது எளிது; பயன்படுவது அவரவர் வயிற்றின் விதி. வயது வந்த தென்னிந்தியர்களுள் பெரும்பாலோர்க்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் குறைந்துபோகிறது. ஆகையால் வயிற்றுக்கு இதமென்று குடித்த பாலே அவர்களுட் சிலருக்குப் பொருமலை வளர்க்கிறது. தயிரிலும் மோரிலும் அச்சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்னரே உண்டுவிடுவதால், பால் ஒவ்வாதவர்க்கும் மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. இரவெல்லாம் நீரில் ஊறிப் புளித்த பழைய சோற்றிலும் இத்தகைய நுண்ணுயிர்களே பெருகுகின்றன. குடல் அழற்சி நோய்களில் அதன் பயனை ஆராயச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டிருப்பது, ஏழையின் காலை ஆகாரத்துக்கு அறிவியல் காட்டிய மரியாதை. வெங்காயம், பூண்டு, சில பருப்பு வகைகள் ஆகியவற்றிலுள்ள செரிக்காத சர்க்கரைகள் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்குவதால், கூருணர்வு மிகுந்த குடலுக்கு அவை தொல்லை தரலாம். மிளகாய் புண்ணை உண்டாக்குவதாக நிரூபணம் இல்லை. எரியும் இடத்தில் எரிச்சலை மிகுவிக்கிறது என்பது அனுபவம். ஒவ்வோர் உணவையும் இரண்டு வாரம் நீக்கிப் பார்த்து, பின்னர் சேர்த்துப் பார்த்து, குற்றமற்றதை மீண்டும் இலையில் வைத்துக்கொள்வதே முறை. அச்சத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் விலக்கிக் கஞ்சியில் வந்து நிற்பவர்கள், மக்காரிசனின் எலிகளுக்கு நேர்ந்த ஆகாரக் குறைவையே தாமாக வரவழைத்துக்கொள்கிறார்கள்.

'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் ஓமிப்பிரசோலும் பான்டோபிரசோலும் இன்று மளிகைச் சாமானைப் போல வாங்கப்படுகின்றன. அவை உரிய நோய்க்கு உரிய காலத்தில் உயிர்காக்கும் மருந்துகள். காலை உணவுக்கு அரை மணி முன்னர் உட்கொண்டால்தான் அவற்றின் முழுப் பயனும் கிட்டும். ஆண்டுக்கணக்கில் வைத்தியரைக் கேளாமல் தொடர்கிறவர்களுக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் ஆகியவை குறையக்கூடும். திடீரென நிறுத்தினால் அடக்கப்பட்டிருந்த சுரப்பு சில வாரங்கள் மிகுந்து எழுவதால், நோய் திரும்பியது என்று மயங்கி மீண்டும் மாத்திரையைத் தேடுவார்கள். இதைவிடப் பெரிய அபாயம், மாத்திரை தரும் தற்காலிக ஆறுதலில் கொடிய நோய் ஒன்று மறைந்து வளர்வது. மலம் தாரைப் போலக் கறுத்துப் போதல், வாந்தியில் ரத்தம், முயலாமலே எடை குறைதல், உணவு விழுங்கத் தடை, காரணம் தெரியாத ரத்தச்சோகை, ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாகத் தோன்றும் வயிற்று உபாதை ஆகிய இவற்றுள் ஒன்றேனும் கண்டால், வீட்டு வைத்தியத்தையும் கடை மாத்திரையையும் நிறுத்தி, எண்டாஸ்கோப்பி வசதியுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே சென்றாக வேண்டும். நெஞ்செரிச்சல் என்று எண்ணியது வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் வந்தால் அது இருதயத்தின் குரலாக இருக்கலாம். அங்கே ஒரு மணி நேரத் தாமதமும் ஆகாது.

இவ்வாறு காரணங்களைப் பிரித்தறிந்த பின்னும், பலருக்கு வயிற்றுநோவு முழுவதும் நீங்குவதில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. நீங்காத நோயோடு வாழ்வதற்கும் ஒரு கல்வி வேண்டும். எந்த வேளையில் வலி, எதை உண்டபின், எவ்வளவு உறக்கத்திற்குப் பின், எந்த மாத்திரையோடு என்பதைச் சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிற நோயாளி, வைத்தியரின் ஐந்து நிமிஷத்தை அரை மணிக்குச் சமமாக்கிவிடுகிறார். வேலைக்குப் போகுமுன் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கூழோ வீட்டில் தயாராயிருக்குமாறு பார்த்துக்கொள்வதும், அவருக்கு மட்டும் காரத்தைக் குறைத்துத் தனியே எடுத்து வைப்பதும், விருந்தில் வற்புறுத்தி இலையை நிரப்பாமலிருப்பதும் குடும்பத்தாரால் செய்யக் கூடியவை. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காதவை. அடிக்கடி எழுந்து போக நேரிடுகிற தொழிலாளிக்கு அருகில் தூய கழிப்பிடம் அமைத்துத் தருவது முதலாளியின் கடமை. நடவுப் பெண்களுக்கு வெயில் ஏறுமுன் உணவு இடைவேளை விடுவது நிலத்துக்குரியவரின் கடமை.

நெய்யூர் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களை, உணவில் கட்டுப்பாடற்றவர்கள் என்றோ கவலைக்காரர்கள் என்றோ சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தால் அந்த ஆராய்ச்சியே பிறந்திராது. நோவு என்று சொன்னதை முதலில் நம்பி, பிறகு அதன் காரணத்தைத் தேடியதனால்தான் இன்று புண்ணுக்கு மருந்தும், புண்ணில்லா நோவுக்கு விளக்கமும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த வரிசையை நம் வீட்டிலும் பின்பற்ற வேண்டும்: வயிறு வலிக்கிறது என்று சொல்லும் மனிதரை முதலில் நம்புங்கள், அதன்பின் என்ன உண்டார் என்று கேளுங்கள்.